6 அணிகள், 10 ஆண்டுகள்... எந்த வாரமும் வேலை போகலாம்! என்எஃப்எல் வீரர் பிராண்டன் கோப்லேண்ட் போட்ட பணக் கணக்கு

ஆகஸ்ட் மாதக் கடைசி. அமெரிக்காவின் தொழில்முறை கால்பந்து லீக்கான என்எஃப்எல்-இல் பயிற்சி முகாம்கள் முடியும் நேரம். காலையில் முகாமுக்குள் நுழையும் வீரரை நிர்வாகத்தைச் சேர்ந்த ஒருவர் ஓரமாகக் கூப்பிடுவார். "கோச் உன்னைப் பார்க்கணுமாம். பிளேபுக்கையும் எடுத்துட்டு வந்துடு." அவ்வளவுதான். வேலை போச்சு!

பிளேபுக் என்பது ஓர் அணியின் வியூகங்கள் எல்லாம் அடங்கிய ஏடு. முன்பு தடிமனான ஃபைலாக இருந்தது, இப்போது டேப்லெட்டில் இருக்கிறது. அதைத் திருப்பிக் கேட்டால் என்ன அர்த்தம் என்று ஒவ்வொரு வீரருக்கும் தெரியும். இந்தச் சேதியைக் கொண்டுவரும் ஆளுக்கு வீரர்கள் 'தி டர்க்' என்று பட்டப்பெயரே வைத்திருக்கிறார்கள். அவர் எதிரே வந்தால் வேறு பக்கம் திரும்பி நடப்பவர்களும் உண்டு.

முகாமில் ஓர் அணிக்கு 90 பேர் வரை இருக்கலாம். சீசன் தொடங்கும்போது 53 பேர்தான் இருக்க முடியும். அதாவது அணிக்கு 37 பேர் வெளியே. மொத்தம் 32 அணிகள். கணக்குப் போட்டால், ஆண்டுதோறும் ஆகஸ்ட் இறுதிக்குள் சுமார் 1,180 பேர் இறுதிப் பட்டியலுக்கு வெளியே நிற்கிறார்கள். நோட்டீஸ் பீரியட் எல்லாம் கிடையாது.

என்எஃப்எல் என்றதும் நமக்குச் சூப்பர் பவுலும், பல நூறு கோடி ஒப்பந்தங்களும்தான் நினைவுக்கு வரும். ஆனால், லீக்கின் பெரும்பகுதி அந்த நட்சத்திரங்களால் ஆனதல்ல. ஓர் அணியில் சில மாதம், இன்னோர் அணியில் ஒரு வருடம் என்று பெட்டியும் கையுமாக ஊர் மாறிக்கொண்டே இருக்கும் வீரர்கள் ஏராளம். இவர்களை அங்கே 'ஜர்னிமேன்' என்பார்கள். அப்படி ஒருவர்தான் பிராண்டன் கோப்லேண்ட். 2013 முதல் 2022 வரை 6 அணிகளின் சட்டை போட்டவர். சூப்பர்ஸ்டார் ஆனதில்லை. ஆனால் 'இந்த வேலை எப்போது வேண்டுமானாலும் போகும்' என்பதை முதல் நாளிலிருந்தே நம்பி, அதற்கேற்ப வாழ்ந்து காட்டியவர்.

யார் இந்த கோப்லேண்ட்?

1991-ல் பிறந்தவர். அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்துக்காரர். கால்பந்து இவர் குடும்பத்துக்குப் புதிதில்லை. தாத்தா ராய் ஹில்டன், பால்டிமோர் கோல்ட்ஸ் அணியின் தடுப்பாட்ட வீரர். 1971 ஜனவரியில் நடந்த 5-வது சூப்பர் பவுலில் டல்லஸ் கவ்பாய்ஸை 16-13 என்று வென்ற அணியில் இருந்தவர்.

பேரன் சேர்ந்தது பென்சில்வேனியா பல்கலைக்கழகம். உலகப் புகழ்பெற்ற வார்ட்டன் வணிகப் பள்ளி இருக்கும் இடம். இது 'ஐவி லீக்' பல்கலைக்கழகங்களில் ஒன்று. இந்த லீக்கில் விளையாட்டுக்காக ஸ்காலர்ஷிப் தருவதில்லை. என்எஃப்எல் தேர்வாளர்களின் கண்ணும் அலபாமா, ஒஹாயோ ஸ்டேட் போன்ற பெரிய கால்பந்துக் கல்லூரிகள் மேல்தான் இருக்கும். ஐவி லீக்கிலிருந்து என்எஃப்எல் போவது ரொம்ப அபூர்வம். கோப்லேண்ட் வார்ட்டனில் படித்தார், கல்லூரி அணிக்காக ஆடினார், யூபிஎஸ் வங்கியில் இன்டர்ன்ஷிப்பும் செய்தார். கால்பந்து கைவிட்டால் போய் உட்கார ஒரு நாற்காலி இருக்க வேண்டும் என்ற எண்ணம் அப்போதே இருந்தது.

ஆட்டத்தில் இவர் வேலை என்ன?

அமெரிக்கக் கால்பந்து தெரியாதவர்களுக்கு ஒரு நிமிட அறிமுகம். களத்தில் அணிக்கு 11 பேர். பந்தை வைத்திருக்கும் அணி அதை எதிரணி எல்லைக்குள் கொண்டுபோகப் பார்க்கும். மற்ற அணி தடுக்கும். தாக்கும் 11 பேரும் தடுக்கும் 11 பேரும் வேறு வேறு ஆட்கள். பந்து கை மாறினால் களத்தில் ஆட்களும் மாறுவார்கள்.

தாக்கும் அணியின் மூளை குவார்ட்டர்பேக். பந்தை யாரிடம் எறிவது என்று முடிவெடுப்பவர் அவர்தான். அவர் எறிவதற்கு முன்பே பாய்ந்து வீழ்த்தினால் அதற்குப் பெயர் 'சாக்'. தடுப்பாட்டக்காரர்களுக்கு இதுதான் பெருமை, இதுதான் மார்க்கெட். சாக் எண்ணிக்கை கூடினால் சம்பளம் கூடும்.

கோப்லேண்ட் ஆடியது லைன்பேக்கர் இடம். எதிரணி ஓடினாலும் எறிந்தாலும் முதலில் மோத வேண்டியவர்களில் ஒருவர்.

254 பேரில் பெயர் இல்லை

கல்லூரி முடித்த வீரர்களை என்எஃப்எல் அணிகள் வரிசை போட்டுத் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சி 'டிராஃப்ட்'. ஐபிஎல் ஏலம் மாதிரி இங்கே விலை கேட்க முடியாது. முந்தைய சீசனில் மோசமாக ஆடிய அணி முதலில் தேர்வு செய்யும், சாம்பியன் கடைசியில் செய்யும். மொத்தம் 7 சுற்றுகள். 2013 டிராஃப்ட்டில் 254 பேர் தேர்வானார்கள். அதில் கோப்லேண்ட் பெயர் இல்லை.

இப்படி விடுபட்டவர்கள் எந்த அணியுடனும் பேசி ஒப்பந்தம் போடலாம். சொந்த ஊர் அணியான பால்டிமோர் ரேவன்ஸ் அவரை முகாமுக்குக் கூப்பிட்டது. அந்த ஆண்டு பிப்ரவரியில்தான் அந்த அணி சூப்பர் பவுல் வென்றிருந்தது. சாம்பியன் அணியில், டிராஃப்ட் ஆகாத ஐவி லீக் பையனுக்கு இடம் கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று சொல்ல வேண்டியதில்லை. 53 பேர் பட்டியலில் அவர் இல்லை.

அது என்ன பிராக்டிஸ் ஸ்குவாட்?

வெளியேற்றப்பட்ட வீரருக்கு இன்னொரு கதவு உண்டு. அதுதான் பிராக்டிஸ் ஸ்குவாட், அதாவது பயிற்சி அணி. 2013-ல் ஒவ்வோர் அணியும் 8 பேரை இதில் வைத்துக்கொள்ளலாம். இப்போது இந்த எண்ணிக்கை 16-ஐத் தாண்டிவிட்டது.

இவர்கள் வாரம் முழுக்க அணியோடு பயிற்சி செய்வார்கள். அடுத்த ஞாயிறு எந்த அணியோடு மோதல் இருக்கிறதோ, அந்த அணி மாதிரியே ஆடிக் காட்டுவதுதான் முக்கிய வேலை. மோதல், அடி, வலி எல்லாம் அதே. ஆனால் 2013-ல் இவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் இடம் கிடையாது.

சம்பளத்தில்தான் பெரிய இடைவெளி. 2013-ல் 53 பேர் பட்டியலில் இருக்கும் புதிய வீரருக்குக் குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 4,05,000 டாலர். அன்றைய மதிப்பில் சுமார் இரண்டரைக் கோடி ரூபாய். இது சீசனின் 17 வாரங்களுக்குப் பிரித்துத் தரப்படும். வாரத்துக்கு சுமார் 23,800 டாலர். அதே ஆண்டு பயிற்சி அணி வீரருக்குக் குறைந்தபட்சம் வாரம் 6,000 டாலர். கிட்டத்தட்ட நான்கில் ஒரு பங்கு!

"வாரம் 6,000 டாலரே பெரிய காசுதானே" என்று தோன்றலாம். உண்மைதான். ஆனால் அது எத்தனை வாரம் வரும் என்பதுதான் கேள்வி. செவ்வாய்க்கிழமை வேறொரு வீரரைச் சேர்க்க வேண்டியிருந்தால் பயிற்சி அணியில் ஒருவரை அனுப்பிவிடுவார்கள். ஊரில் வீட்டு வாடகை ஒப்பந்தம் போட்டிருப்பார், அடுத்த வாரம் வேறு ஊரில் இருப்பார்.

கோப்லேண்டுக்கும் அதுதான் நடந்தது. ரேவன்ஸ் பயிற்சி அணியில் சேர்ந்த சில வாரங்களில் அங்கிருந்தும் விடுவிக்கப்பட்டார். பிறகு டென்னசி டைட்டன்ஸ் பயிற்சி அணி. 2014 ஆகஸ்டில் அங்கேயும் கதவு மூடியது. அந்த சீசன் முழுக்க எந்த என்எஃப்எல் அணியின் பட்டியலிலும் அவர் இல்லை. வயது 23.

ஒரே ஒரு நாள் தேர்வு

2015 மார்ச்சில் என்எஃப்எல் புதிதாக ஒரு முயற்சி செய்தது. ஏற்கெனவே லீக்கில் இருந்து வேலை இழந்தவர்களுக்காக அரிசோனாவில் ஒரு திறன் சோதனை நடத்தியது. பெயர் 'வெட்ரன் கம்பைன்'. நூற்றுக்கும் மேற்பட்ட முன்னாள் வீரர்கள் வந்தார்கள். அணிகளின் தேர்வாளர்கள் முன்னால் ஓட வேண்டும், தாவ வேண்டும், தன் இடத்துக்கான பயிற்சிகளைச் செய்துகாட்ட வேண்டும். சுருக்கமாகச் சொன்னால், வேலை போனவர்களுக்கான ஒருநாள் இன்டர்வியூ.

வந்தவர்களில் மிகச் சிலருக்குத்தான் ஒப்பந்தம் கிடைத்தது. அதில் கோப்லேண்ட் ஒருவர். டெட்ராய்ட் லயன்ஸ் அவரை எடுத்துக்கொண்டது. இந்த முறை ஆகஸ்ட் இறுதியில் யாரும் பிளேபுக்கைத் திருப்பிக் கேட்கவில்லை. கல்லூரி முடித்து இரண்டு ஆண்டுகள் கழித்து, முதல் முறையாக என்எஃப்எல் ஆட்டத்தில் இறங்கினார்.

கேமரா பார்க்காத வேலை

லயன்ஸ் அணியில் அவருக்குக் கிடைத்த இடம் பெரும்பாலும் 'ஸ்பெஷல் டீம்ஸ்'. பந்தை உதைக்கும் தருணங்களுக்கு மட்டும் களமிறங்கும் தனிக் கூட்டம் இது. ஆட்டம் தொடங்கும் கிக்காஃப், பந்தை எதிரணிக்கு உதைத்து விடும் பன்ட், கோல் கம்பத்துக்கு இடையே உதைக்கும் ஃபீல்டு கோல் எல்லாம் இவர்கள் பொறுப்பு.

முழு வேகத்தில் மைதான நீளத்துக்கு ஓடி, எதிரே அதே வேகத்தில் வருபவரோடு மோத வேண்டும். ஆட்டத்தின் மிக ஆபத்தான பகுதிகளில் ஒன்று என்பதால்தான் 2024-ல் கிக்காஃப் விதிகளையே லீக் மாற்றியது. நட்சத்திரங்களை இங்கே இறக்க மாட்டார்கள், காயம்பட்டால் நஷ்டம் அதிகம். அதனால் 53-ல் கடைசிச் சில இடங்களுக்குப் போட்டியிடும் வீரர்களிடம் கோச் கேட்கும் முதல் கேள்வியே, "ஸ்பெஷல் டீம்ஸ்ல என்ன செய்வ?" என்பதுதான்.

கோப்லேண்ட் 2015, 2016 இரண்டு சீசன்களை இப்படித்தான் ஓட்டினார். டிவியில் அதிகம் தெரியாது. ஆனால் வாரச் சம்பளம் வந்தது.

இரண்டு முறை கிழிந்த மார்புத் தசை

2017 ஆகஸ்ட். சீசனுக்கு முந்தைய பயிற்சி ஆட்டத்தில் அவரது மார்புத் தசை கிழிந்தது. அந்த ஆண்டு முழுக்கக் களம் கிடையாது.

அடுத்த ஆண்டு நியூயார்க் ஜெட்ஸ் கூப்பிட்டது. 2018 அவருடைய சிறந்த சீசன். தடுப்பாட்டத்தில் நிரந்தரமாக இறங்கும் வாய்ப்பு முதல் முறையாகக் கிடைத்தது, 5 சாக் எடுத்தார். டிராஃப்ட் ஆகாதவர், இரண்டு அணிகள் வேண்டாம் என்றவர், ஒரு வருடம் காயத்தில் கிடந்தவர், 27 வயதில் தன் வேலையை நிரூபித்தார்.

கதை இங்கே முடிந்தால் சினிமா. நிஜத்தில் அடுத்த ஆண்டே சறுக்கல் வந்தது. 2019 சீசன் தொடக்கத்தில், ஊக்கமருந்து விதியை மீறியதற்காக லீக் அவருக்கு 4 ஆட்டத் தடை விதித்தது. தடைக் காலத்துக்குச் சம்பளம் கிடையாது.

2020-ல் நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ். சீசன் நடுவில் மறுபடியும் மார்புத் தசை கிழிந்து வெளியேறினார். 2021-ல் அட்லாண்டா ஃபால்கன்ஸ். தாத்தா ஹில்டன் 1975-ல் கடைசியாக ஆடிய அணியும் இதுதான். 2022-ல் எங்கே தொடங்கினாரோ அங்கேயே, பால்டிமோர் ரேவன்ஸ் பயிற்சி அணிக்குத் திரும்பினார். அத்தோடு அவரது என்எஃப்எல் பயணம் முடிந்தது.

ஒப்பந்தம் இருந்தும் வேலை போவது எப்படி?

அமெரிக்காவில் கூடைப்பந்து, பேஸ்பால் வீரர்களின் ஒப்பந்தத் தொகை பெரும்பாலும் உத்தரவாதம் உள்ளது. ஆளை அனுப்பினாலும் பேசிய பணத்தைக் கொடுத்தே ஆக வேண்டும். என்எஃப்எல்-இல் அப்படி இல்லை. 'மூன்று ஆண்டு ஒப்பந்தம்' என்று செய்தி வரும். அதில் கையெழுத்துப் போடும்போது தரும் போனஸும், தனியாக உத்தரவாதம் என்று எழுதப்பட்ட தொகையும்தான் உறுதி. மீதி, அணியில் இருந்தால் வரும். குறைந்தபட்சச் சம்பளத்தில் சேரும் வீரருக்கு உத்தரவாதத் தொகை என்று பெரிதாக எதுவும் இருக்காது.

இன்னொரு சிக்கலும் உண்டு. பொதுவாக அனுபவம் கூடினால் வேலை உறுதியாகும் என்று நினைப்போம். இங்கே சில நேரம் தலைகீழ். வீரர்கள் சங்கத்துடன் போட்ட உடன்பாட்டின்படி, அனுபவத்துக்கு ஏற்பக் குறைந்தபட்சச் சம்பளம் உயர வேண்டும். 2018-ல் புதிய வீரருக்கு 4,80,000 டாலர். 4 முதல் 6 ஆண்டு அனுபவம் இருந்தால் 7,90,000 டாலர். அணி மொத்தமாகச் செலவிடக்கூடிய சம்பளத்துக்கோ உச்சவரம்பு இருக்கிறது, அந்த ஆண்டு அது 17.72 கோடி டாலர். மூத்த வீரர்களைக் காப்பாற்ற லீக்கில் சில சலுகை விதிகள் உண்டு. ஆனாலும், கிட்டத்தட்ட ஒரே தரத்தில் இரண்டு பேர் இருந்தால் 22 வயதுக்காரர் பக்கம் தராசு சாயும். சம்பளமும் குறைவு, முழங்காலும் புதுசு.

ஓய்வூதியத்துக்கும் ஒரு கோடு உண்டு. 3 சீசன்கள் கணக்கில் சேர்ந்தால்தான் என்எஃப்எல் ஓய்வூதியத் தகுதி வரும். வீரர்கள் சங்கம் பல ஆண்டுகளாகச் சொல்லிவரும் சராசரி ஆட்டக் காலம் 3.3 ஆண்டுகள். சராசரிக்குக் கீழே இருப்பவர்களில் பலர் அந்தக் கோட்டைத் தொடாமலேயே வீடு திரும்புகிறார்கள்.

சம்பளத்தில் 90 சதவீதம் சேமிப்பா?

கோப்லேண்ட் அமெரிக்க ஊடகங்களில் முதலில் பரவலாகப் பேசப்பட்டது சாக்குக்காக அல்ல, சேமிப்புக்காக. 2018 வாக்கில் அவர் வெளியே சொன்ன கணக்கு இது: கைக்கு வரும் பணத்தில் சுமார் 60 சதவீதம் முதலீடு, 30 சதவீதம் வங்கிச் சேமிப்பு. குடும்பம் வாழ்வது மீதியில்.

ஆஃப்-சீசன் என்பது பல வீரர்களுக்கு ஓய்வுக் காலம். இவர் நியூயார்க்கில் ஒரு முதலீட்டு நிறுவனத்தில் பகுப்பாய்வாளராக வேலை பார்த்தார். பழைய வீடுகளை வாங்கிச் சீரமைத்து விற்கும் தொழிலும் செய்தார். சக வீரர்கள் கார் வாங்குவதைப் பற்றிப் பேசும் லாக்கர் ரூமில், இவரிடம் வந்து வரியைப் பற்றியும் வட்டியைப் பற்றியும் கேட்பார்கள். 'புரொஃபசர் கோப்' என்ற பெயரும் ஒட்டிக்கொண்டது.

அதிகம் சம்பாதித்தால் தப்பிக்கலாமா?

"கஞ்சத்தனம்" என்று சிலருக்குத் தோன்றலாம். ஆனால் அந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது.

வாரன் சாப் என்ற தடுப்பாட்ட வீரர் டாம்பா பே பக்கனியர்ஸ் அணியோடு சூப்பர் பவுல் வென்றவர், பல கோடி டாலர் சம்பாதித்தவர். 2012-ல் திவால் மனு தாக்கல் செய்தார். அடுத்த ஆண்டு அவருக்குக் கால்பந்தின் உச்ச கௌரவமான 'ஹால் ஆஃப் ஃபேம்' அங்கீகாரம் கிடைத்தது. இரண்டும் ஒரே மனிதருக்கு, ஓராண்டு இடைவெளியில்!

இது தனிப்பட்ட ஒருவரின் கதை மட்டும் இல்லை. அமெரிக்காவின் தேசியப் பொருளாதார ஆய்வு மையம் 2015-ல் வெளியிட்ட ஓர் ஆய்வு, 1996 முதல் 2003 வரை டிராஃப்ட் ஆன என்எஃப்எல் வீரர்களைப் பின்தொடர்ந்தது. ஓய்வு பெற்ற 12 ஆண்டுகளுக்குள் சுமார் 16 சதவீதம் பேர் திவால் மனு கொடுத்திருந்தார்கள். ஆறு பேரில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளலாம்.

அதைவிட முக்கியமான கண்டுபிடிப்பு ஒன்று அதில் இருக்கிறது. மொத்தம் எவ்வளவு சம்பாதித்தார், எத்தனை ஆண்டு ஆடினார் என்பதற்கும் திவாலாவதற்கும் பெரிய தொடர்பு தெரியவில்லை. நீண்ட காலம் ஆடி நிறையச் சம்பாதித்தவர்களும் கிட்டத்தட்ட அதே அளவில் திவாலானார்கள்.

காரணத்தை ஊகிப்பது கஷ்டம் இல்லை. 22 வயதில் வாழ்நாள் சம்பாத்தியத்தில் பெரும்பகுதி நாலைந்து ஆண்டுகளில் வந்துவிடுகிறது. அந்த வருமானத்துக்கு ஏற்ற வீடு, கார், உறவினர்களுக்கு உதவி என்று மாதச் செலவு உயர்கிறது. ஒரு செவ்வாய்க்கிழமை சம்பளம் நின்றுபோகிறது. செலவு நிற்பதில்லை. கூடவே, உழைத்து அடிபட்ட உடம்புக்கு மருத்துவச் செலவும் தொடங்குகிறது.

களத்திலிருந்து வகுப்பறைக்கு

2019-ல் கோப்லேண்ட் தான் படித்த பென்சில்வேனியா பல்கலைக்கழகத்துக்கே திரும்பினார், இந்த முறை பாடம் நடத்த. பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிரையன் பீட்டர்சனோடு சேர்ந்து தனிநபர் நிதி பற்றிய ஒரு வகுப்பைத் தொடங்கினார். மாணவர்கள் மத்தியில் அதன் பெயர் 'லைஃப் 101'. அப்போது அவர் ஜெட்ஸ் அணி வீரர்.

கிரெடிட் ஸ்கோர் எப்படிக் கணக்கிடப்படுகிறது, சம்பளச் சீட்டில் எந்தப் பிடித்தம் எதற்கு, கல்விக் கடனை எப்படி அடைப்பது, வீடு வாங்குவதா வாடகையா, காப்பீடு எதற்கு... இவைதான் பாடங்கள். உலகின் முன்னணி வணிகப் பள்ளி இருக்கும் வளாகத்தில், நிறுவனங்களின் நிதியை அலசத் தெரிந்த மாணவர்களுக்கே தன் சொந்தச் சம்பளத்தை என்ன செய்வது என்று சொல்லித்தர ஆள் தேவைப்பட்டது என்பதுதான் வேடிக்கை.

அவரது 'பியாண்ட் த பேஸிக்ஸ்' அறக்கட்டளையின் பணிகளுக்காகவும் இந்தக் கல்வி முயற்சிக்காகவும், வீரர்கள் சங்கத்தின் உயரிய சமூகப் பணி விருதான ஆலன் பேஜ் விருது 2020-ல் அவருக்குக் கிடைத்தது. 2023-ல் கல்லூரி வீரர்களுக்கான 'அத்லெட்ஸ் டாட் ஆர்க்' என்ற அமைப்பைச் சேர்ந்து தொடங்கினார். அமெரிக்கக் கல்லூரி வீரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்து விளம்பரத்தில் சம்பாதிக்க 2021 ஜூலையில்தான் அனுமதி வந்தது. 2025-ல் வந்த நீதிமன்ற உடன்பாட்டுக்குப் பிறகு கல்லூரிகளே நேரடியாகப் பணம் தரவும் தொடங்கிவிட்டன. முன்பு 22 வயதில் வந்த பெரும்பணம் இப்போது 18 வயதிலேயே கைக்கு வருகிறது.

எல்லோராலும் முடியுமா?

நியாயமான கேள்வி. 2015-ல் புதிய வீரரின் குறைந்தபட்சச் சம்பளமே 4,35,000 டாலர். வரியும் ஏஜென்ட் கமிஷனும் போன பிறகும், அதில் பத்தில் ஒரு பங்கில் ஒரு குடும்பம் சிக்கனமாக வாழ முயலலாம். சாதாரணச் சம்பளக்காரர் 90 சதவீதம் சேமித்தால் அடுத்த வேளைச் சாப்பாட்டுக்குக் காசு இருக்காது. அதனால் அந்தச் சதவீதத்தை அப்படியே காப்பியடிப்பதில் அர்த்தம் இல்லை.

கோப்லேண்டுக்கு இருந்த வசதிகளும் எல்லா வீரருக்கும் இல்லை. வார்ட்டன் படிப்பு, நிதித் துறை அனுபவம், இந்த லீக் எப்படிப்பட்டது என்று சொல்லித்தர வீட்டிலேயே ஒரு தாத்தா. குடும்பத்தில் முதல் ஆளாகப் பணத்தைப் பார்க்கும் 22 வயதுப் பையனிடம், ஊரே கை நீட்டும்போது "90 சதவீதத்தை எடுத்து வை" என்று சொல்வது எளிது, செய்வது கஷ்டம். வேலைப் பாதுகாப்பே இல்லாத ஒப்பந்த முறையை அப்படியே விட்டுவிட்டு, திவாலான வீரரை மட்டும் 'ஊதாரி' என்று திட்டுவதும் பாதி நியாயம்தான்.

ஆனால் அவர் பயணத்திலிருந்து எடுத்துக்கொள்ள ஒன்று இருக்கிறது. இரண்டு தசைக் கிழிவு, ஒரு தடை, ஒரு சீசன் முழுக்க வேலையின்மை, 6 அணிகள். இதில் எந்த ஒன்றும் அவரைப் பொருளாதார ரீதியில் சாய்க்கவில்லை. திறமை மட்டும் அதற்குக் காரணம் இல்லை, அதிர்ஷ்டமும் இல்லை. சம்பளம் உயர்ந்த வேகத்தில் செலவை உயர விடவில்லை. முதல் வேலை ஓடிக்கொண்டிருக்கும்போதே இரண்டாவது வேலையைக் கற்றுக்கொண்டார். வேலை போகும் நாள் எப்போது என்று அவருக்கும் தெரியாது. போகும் என்று மட்டும் தெரிந்திருந்தது.

2024-ல் அவர் பணத்தைப் பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார். தலைப்பு 'யுவர் மனி பிளேபுக்'. ஓர் அணி அனுப்பும்போது முதலில் திருப்பிக் கேட்கும் அதே பிளேபுக்தான் தலைப்பில் இருக்கிறது. இதை யாரும் திருப்பிக் கேட்க முடியாது.